ஒரு டிரேடில் யாருக்கு லாபம்? ஐபிஎல் வீரர் பரிமாற்றத்தை எடைபோடும் முறை

ஐபிஎல் அணிகள் ஒரு டிரேடை அறிவித்ததும், போனவரையும் வந்தவரையும் அருகருகே நிறுத்தி யார் பெரிய வீரர் என்று பார்ப்பதோடு பெரும்பாலான விவாதங்கள் முடிந்துவிடுகின்றன. அணி நிர்வாகம் பார்ப்பது அந்த இருவரை மட்டுமல்ல. போனவர் செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வார், அவருக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே அங்கு முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை, எந்த டிரேடையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.

விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஓர் அணியில் குறைந்தது 18 பேரும் அதிகபட்சம் 25 பேரும் இருக்கலாம். அவர்களில் வெளிநாட்டு வீரர்கள் எட்டுப் பேருக்கு மேல் போகக் கூடாது. ஆடும் பதினொருவரில் அதிகபட்சம் நான்கு பேர்தான் வெளிநாட்டவராக இருக்கலாம். அணியின் மொத்தச் சம்பளத்துக்கான பர்ஸ் தொகை 2025 தொடருக்கு 120 கோடி ரூபாயாக இருந்து, 2026 தொடருக்கு 125 கோடியாக உயர்ந்தது. ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை டிரேடுக்கு வாய்ப்பு உண்டு, ஏலம் முடிந்ததும் அது மீண்டும் திறக்கும். ஆனால் அந்த ஏலத்தில் வாங்கிய வீரரை அந்த ஆண்டே கைமாற்ற முடியாது. வீரரின் சம்மதமும் பிசிசிஐயின் அனுமதியும் கட்டாயம். வீரரே நேரடியாக வேறோர் அணியுடன் பேரம் பேசக் கூடாது என்பதை 2010 தொடரில் ஆடத் தடை பெற்ற ரவீந்திர ஜடேஜா நன்றாகவே அறிவார்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் ராஜஸ்தானிலிருந்து சென்னைக்கு வந்தார். ஜடேஜாவும் சாம் கர்ரனும் சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போனார்கள். சாம்சனின் சம்பளம் 18 கோடி, கர்ரனுடையது 2.4 கோடி. சென்னையில் 18 கோடி பெற்றுவந்த ஜடேஜா, ராஜஸ்தானில் 14 கோடிக்குச் சம்மதித்தார். ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், சென்னையிலிருந்து வெளியேறிய சம்பளம் 20.4 கோடி, உள்ளே வந்தது 18 கோடி, அதாவது 2.4 கோடி மிச்சம். ராஜஸ்தானில் வெளியேறியது 18 கோடி, வந்தது 16.4 கோடி, அங்கும் 1.6 கோடி மிச்சம். இரண்டு தரப்புக்கும் பணம் மிச்சமாவது எப்படி என்று குழம்ப வேண்டாம்: இரண்டையும் கூட்டினால் வரும் நான்கு கோடி, ஜடேஜா விட்டுக்கொடுத்த அதே நான்கு கோடிதான். எந்த டிரேடிலும் சம்பளம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ஆனால் இந்தத் தொகை சிறியது. பெரிய செலவு அதன் பிறகுதான் வருகிறது. சாம்சன் போனதால் ராஜஸ்தானில் ஒரு தொடக்க ஆட்டக்காரருக்கும் ஒரு விக்கெட் கீப்பருக்கும் இடம் காலியானது. கீப்பிங்குக்குத் துருவ் ஜுரெல் ஏற்கெனவே இருந்தார். தொடக்கத்தில் ஜெய்ஸ்வாலுடன் ஆட, 1.10 கோடிக்கு வாங்கிய வைபவ் சூர்யவன்ஷி இருந்தார். 2025 ஏப்ரலில் குஜராத்துக்கு எதிராக 35 பந்துகளில் சதம் அடித்த பையன். ஆகவே அந்த ஓட்டையை அடைக்க ராஜஸ்தான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. சென்னையின் நிலை வேறு. இடது கைச் சுழலும் பேட்டிங்கும் சேர்ந்த ஜடேஜா போய்விட்டார். உள்ளே மாற்று ஆள் இல்லை. அடுத்த மாதம் அபுதாபியில் நடந்த ஏலத்தில், அப்போது இந்தியாவுக்காக ஆடியிராத இடது கைச் சுழல் ஆல்ரவுண்டரான பிரசாந்த் வீரை 14.20 கோடிக்குச் சென்னை வாங்கியது; மேற்கிந்தியத் தீவுகளின் இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் அகீல் ஹொசைனுக்கு மேலும் 2 கோடி. என் பார்வையில் அந்த டிரேடின் உண்மையான விலைப்பட்டியலில் இவையும் சேர வேண்டும். சாம்சனை வாங்கியது தவறு என்பதல்ல இதன் பொருள். தோனிக்குப் பின் கீப்பிங்கும் தொடக்க ஆட்டமும் தெரிந்த, 31 வயதான ஓர் இந்திய வீரர் எளிதில் அமைவதில்லை. ஆனால் செலவை முழுதாகக் கூட்டிப் பார்த்த பிறகே அதைச் சொல்ல வேண்டும்.

ராஜஸ்தானுக்கும் ஒரு செலவு இருந்தது. கர்ரன் வெளிநாட்டவர் என்பதால் எட்டு இடங்களில் ஒன்றை அவர் எடுத்துக்கொள்கிறார். அதே சமயத்தில் ஹசரங்கா, தீக்ஷனா என்ற இரண்டு இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர்களை அந்த அணி விடுவித்தது. பிறகு ஏலத்தில் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ரவி பிஷ்னோயை 7.20 கோடிக்கு எடுத்தது. வெளிநாட்டு இடம் என்பது பர்ஸைப் போலவே தீர்ந்துபோகும் பொருள். நல்ல இந்திய வீரர்களுக்கு ஏலத்தில் விலை ஏறுவதன் காரணமும் இதுதான்: ஆடும் பதினொருவரில் வெளிநாட்டவருக்கு உள்ள நான்கு இடங்களில் ஒன்றை அவர்கள் தின்பதில்லை. ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்க அனுமதிக்கும் இம்பாக்ட் வீரர் விதி வந்த பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. பதினொருவரில் நான்கு வெளிநாட்டவர் இருந்தால், மாற்றாக இறங்குபவர் இந்தியராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு வீரர் எந்த ஓவரில் எதைச் செய்பவர் என்ற கேள்வி. அணியை எடைபோட உட்காரும்போது பெயர்களை எழுதாமல் இருபது ஓவர்களை எழுதுங்கள். முதல் ஆறில் புதுப்பந்தை ஸ்விங் செய்பவர் யார், ஏழு முதல் பதினைந்து வரை இரண்டு முனைகளிலும் வீசக்கூடியவர்கள் யார், கடைசி ஐந்தில் யார்க்கர் போடுபவர்கள் எத்தனை பேர் என்று நிரப்பிக்கொண்டே வந்தால், எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, எதில் மூன்று பேர் முட்டிக்கொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். 2019 தொடரில் டெல்லியில் வெளிநாட்டு வேகப்பந்து வீச்சாளராக ரபாடா இருந்ததால், இன்னொரு வெளிநாட்டு வேகமான டிரெண்ட் போல்ட்டுக்குச் சில ஆட்டங்களே கிடைத்தன. அந்த ஆண்டின் இறுதியில் அவரை மும்பைக்கு டெல்லி விட்டுக்கொடுத்தது. பும்ராவுடன் புதுப்பந்தைப் பகிர ஓர் இடது கை வேகம் மும்பைக்குத் தேவையாக இருந்தது. 2020 தொடரில் போல்ட் 25 விக்கெட் எடுத்தார். டெல்லிக்கு எதிரான இறுதிப் போட்டியின் முதல் பந்திலேயே ஸ்டாய்னிஸை வீழ்த்தி ஆட்டநாயகனும் ஆனார். இதை டெல்லியின் முட்டாள்தனம் என்று பலர் எழுதினார்கள். அதே தொடரில் ரபாடா 30 விக்கெட்டுகளுடன் முதலிடம் பிடித்தார், டெல்லி முதல்முறையாக இறுதிக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு கொஞ்சம் அவசரமானது. விட்டுக்கொடுத்ததில் பிழையில்லை, நேரடிப் போட்டியாளருக்கு விட்டுக்கொடுத்ததைப் பற்றி வேண்டுமானால் வாதாடலாம்.

வீரருக்கு வீரர் இல்லாமல் பணத்துக்கு மட்டும் நடக்கும் டிரேடில் கூடுதல் கவனம் தேவை. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியாவை 15 கோடி சம்பளத்துக்குக் குஜராத்திடமிருந்து மும்பை எடுத்துக்கொண்டது. அதற்கு இடம் செய்ய, 17.5 கோடி கேமரூன் கிரீனைப் பெங்களூருக்கு அனுப்பியது. குஜராத்துக்குப் பர்ஸில் 15 கோடி கிடைத்தது. ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற வீரர் ஏலத்துக்கு வந்தால்தான் அந்தப் பணத்துக்கு மதிப்பு. 2024 தொடரில் குஜராத் எட்டாவது இடத்துக்கு இறங்கியது. மும்பை கடைசி இடத்தில் முடிந்தது.

டிரேடில் பழைய சம்பளமும் கூடவே வருவது வழக்கம் என்பதால், மதிப்பை மீறிய விலைக்குப் போன வீரரை அந்த வழியில் வாங்க யாரும் எளிதில் முன்வருவதில்லை. அணிகள் சில வீரர்களை மட்டும் தக்கவைத்துக்கொண்டு மற்றவர்களைப் புதிதாக வாங்கும் மெகா ஏலம் 2024-இல் நடந்தபோது 23.75 கோடிக்குப் போன வெங்கடேஷ் ஐயரைக் கொல்கத்தா விடுவித்தது. அடுத்த ஏலத்தில் பெங்களூரு அவரை 7 கோடிக்கே வாங்கியது. காத்திருந்தால் விலை இறங்கும் என்று தோன்றும் வீரரை ஏலத்துக்கு விட்டுவிட வேண்டும். ஏலத்தில் நான்கு அணிகள் மோதும் என்று தோன்றும் வீரரைத்தான் டிரேடில் முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

கடைசியாகக் கணக்கில் சேர்க்க வேண்டியது காலம். ஒரு மெகா ஏலத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட இப்போதைய சுழற்சி 2025 முதல் 2027 வரை. 2026-க்கு முன் டிரேடில் வந்தவர் இரண்டு தொடர்கள் ஆடுவார். 2027-க்கு முன் வருபவர் ஒன்றே ஒன்று ஆடிவிட்டு, அணி தக்கவைக்கவில்லை என்றால் மெகா ஏலத்துக்குப் போய்விடுவார். ஆகவே 2027 தொடருக்கு முன் நடக்கும் டிரேடுகளில், 22 வயது இளைஞரைக் கொடுத்து 35 வயது வீரரை வாங்கும் அணியைப் பார்த்து உடனே சிரிக்க வேண்டாம். அந்த இளைஞரைத் தக்கவைக்கும் பட்டியலில் அந்த அணியால் சேர்த்திருக்க முடியுமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.