தேதி குறித்த சிசேரியன்: பொறுத்துக்கொள்ளக் கூடாத இடங்கள்

எந்த நாள், எந்த நேரம் என்று முன்பே தெரிந்துவிடுவதால், திட்டமிட்ட சிசேரியனைச் சின்ன வேலை போலப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வயிற்றின் அடுக்குகளைத் தாண்டிக் கர்ப்பப்பையைத் திறந்து, மறுபடி தைத்து மூடும் பெரிய ஆபரேஷன் இது. இதில் நடக்கும் தவறுகளில் பல, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதால் வருகிறது.

முதலில் தேதி. வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால் 39 வாரம் நிறைந்த பிறகுதான் வழக்கமாக நாள் குறிப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் இடம் போன்ற காரணங்களுக்காக மருத்துவரே முன்னால் இழுத்தால் அது வேறு. வீட்டாரின் வசதிக்காக நாம் இழுக்கக் கூடாது. அதேபோல, குறித்த நாளுக்கு முன்பே வலி எடுத்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ 'இன்னும் நாலு நாள் இருக்கிறதே' என்று காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் போனதும் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே இறுதி. பால் கலந்த டீயைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க முடியாது. இன்னொரு பக்கம், முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி கிடப்பவர்களும் உண்டு. அதனால் சோர்வுதான் மிச்சம். வீட்டிலேயே அடிவயிற்றை ஷேவ் செய்துகொண்டு போவதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல்கள் வழியாகக் கிருமி போகும். தேவைப்பட்டால் அங்கேயே முடியைக் கத்தரித்துவிடுவார்கள்.

முதுகில் ஊசி போட்ட பிறகும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், அது இயல்பு. சுருக்கென்று வலித்தால் இயல்பு இல்லை. அந்த நொடியே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு, வலி மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் நான் பெரிதாக நினைக்கும் தவறு. தாய்ப்பாலில் கலந்துவிடுமோ என்று பயந்து, தாங்க முடியாமல் போகும்வரை காத்திருப்பார்கள். பாராசிட்டமால், ஐபுப்ரூஃபென் இரண்டும் பால் கொடுக்கும்போது பொதுவாக எடுத்துக்கொள்ளக்கூடியவைதான். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நேரத்துக்குப் போட்டால் வலி ஏறாமலே இருக்கும். ஏறிய பிறகு இறக்குவது கஷ்டம். வலி அடங்கினால்தான் எழுந்து நடக்கவும் முடியும். நடக்காமல் படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும்.

எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயன்றால் தையலில் சுளீர் என்று இழுக்கும். முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி உடம்பைத் தள்ளி எழுங்கள். ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்றால் நில்லுங்கள். முதல் தடவை நர்ஸ் பக்கத்தில் இருக்கட்டும். இருமலோ சிரிப்போ வந்தால் தையல்மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். முக்கி மலம் கழிக்க வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்தும் சரியாகவில்லை என்றால் அதற்கு மருந்து கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

தையலில் பவுடர், எண்ணெய் எதுவும் தடவாமல், மருத்துவர் சொன்ன நாளிலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும். அதைச் சுற்றி மரத்துப்போய் இருப்பது பல மாதங்கள் நீடிக்கலாம். குழந்தையை விடக் கனமான எதையும் முதல் 6 வாரம் தூக்காதீர்கள்.

உடம்பு அசதிதானே என்று விடக் கூடாதவை: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ் அல்லது நாற்றம், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு நனையும் உதிரப்போக்கு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி முதுகு ஊசியால் வந்ததாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்போது கர்ப்பப்பையில் எந்த வகைக் கீறல் போட்டார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. அடுத்த பிரசவம் சுகப்பிரசவமாக முயலலாமா என்று முடிவு செய்ய அந்தத் தகவல் வேண்டும். மாதவிலக்கு திரும்பும் முன்பே கரு தங்கிவிடலாம் என்பதால், கருத்தடை பற்றியும் அன்றைக்கே பேசிவிடுவது நல்லது.