திண்ணைத் தூண் அடியில் உளுத்துவிட்டதா? நீங்களே சரிசெய்யலாம்

கொங்குப் பக்கத்து ஓட்டு வீடுகளில் திண்ணைத் தூண் பெரும்பாலும் அடியில்தான் கெடும். மேலே மரம் வைரமாக இருக்கும், கீழே ஒரு சாண் உளுத்திருக்கும். அந்தக் காலத்தில் தூணைக் கல்லின் மேல் நிறுத்தினார்கள். பிற்பாடு தரைக்கு சிமெண்ட் போட்டவர்கள் அந்தக் கல்லை மூடி, தூணைச் சுற்றியும் பூசிவிட்டார்கள். சாரல் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கினால் வெளியேற வழியில்லை. தூணின் அடியில் அறுத்த முகமான வெட்டுவாய் வழியாக மரம் அதை மேலே உறிஞ்சும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஈரம் கெடுக்கும். காங்கேயம், தாராபுரம் போன்ற வறண்ட ஊர்களில் கரையான் முந்திக்கொள்ளும். எதுவானாலும் சிமெண்டுக்குள் புதைந்த அடியை அப்படியே விட்டு, மேலே பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பது வெட்டிச் செலவு.

எவ்வளவு கெட்டிருக்கிறது?

ஸ்க்ரூ டிரைவரால் அடியிலிருந்து நாலு பக்கமும் குத்திக்கொண்டே மேலே போங்கள். லேசாக இறங்கினால் கெட்ட மரம். கெட்டியாக நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அதற்கு மேல் 2 அங்குலம் சேர்த்து இன்னொரு கோடு போடுங்கள். வெட்ட வேண்டியது அங்கேதான். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் உள்ளே பொக்கையாக இருப்பதும் தெரியும்.

கெட்டது ஒரு அடிக்குள் என்றால் மர வேலையே வேண்டாம். வெட்டிவிட்டு அந்த உயரத்துக்குக் கருங்கல் வைத்தால் போதும். கற்களுக்கு நம் ஊரில் பஞ்சமா? முழங்கால் உயரம் என்றால் ஒட்டு மரம் சேர்க்க வேண்டும், அதற்கும் மேல் என்றால் தூணையே மாற்ற வேண்டும். பக்கத்துத் தூணும் கெட்டிருந்தாலோ, உத்திரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ ஆசாரியைக் கூப்பிடுங்கள். அது பழகும் இடமல்ல.

முட்டுக் கொடுப்பது

இந்த வேலையில் ஆபத்து முழுக்க இங்கேதான், அவசரப்படாதீர்கள். ஒரு மங்களூர் ஓடு ஏறக்குறைய இரண்டரை கிலோ. ஒரு தூணின் பங்குக்கு நூறு ஓடு என்று வைத்தாலே 250 கிலோ. ஓட்டைத் தாங்கும் கைமரமும் ரீப்பர் சட்டமும் தனி. நாட்டு ஓடு என்றால் இன்னும் கனம்.

சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடையில் திருகி உயர்த்தும் இரும்பு முட்டு கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். தூணுக்கு இரு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி உத்திரத்துக்குக் கீழே நிறுத்துங்கள். அடியிலும் தலையிலும் 2 அங்குலக் கனப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் தரை உடையும், உத்திரம் நசுங்கும். தூக்குகுண்டு போட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்து, இரண்டையும் குறுக்குக் கட்டையால் இணைத்துக் கட்டுங்கள்.

அப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் திருகுங்கள். தூணின் மேல் விழும் பாரம் விட்டால் போதும். உத்திரம் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது, எழும்பினால் மேலே ஓடு நழுவும், உடையும். தூணில் கரண்ட் ஒயர் ஓடியிருந்தால் மெயினை அணைத்து, ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள். இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரைதான் சரி. மரம் காய்ந்திருக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கூரை ஓடுகளை உலுக்கும்போது வீட்டை முட்டின் மேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

வெட்டுவதும் கல் வைப்பதும்

தூணின் தலையில் ஒரு முளை, உத்திரத்துக்குக் கீழே இருக்கும் போதிகைக் கட்டைக்குள் நுழைந்திருக்கும். அதை நம்பி விடாமல் தூணை முட்டோடு கயிற்றால் கட்டிவிட்டு ரம்பம் போடுங்கள். மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து நாலு பக்கமும் கோடு போட்டால் வெட்டு சாயாது. கீழே இருக்கும் சிமெண்டைக் கொத்தி எடுத்து, பழைய கல் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். உள்ளே கரையான் மண் கோடு இருந்தால் முதலில் மருந்து அடிக்க வேண்டும்.

புதுக் கல் தரைக்கு மேல் குறைந்தது 6 அங்குலம் தெரிய வேண்டும். தூணைவிட அகலமாக இருந்தால் விளிம்பில் தண்ணீர் நிற்கும். கல்தச்சரிடம் மேல் விளிம்பை வெளிப்பக்கம் வாட்டமாகச் செதுக்கச் சொல்லுங்கள். நடுவில் இரண்டரை அங்குல ஆழத்தில் ஒரு குழி வேண்டும்.

தூண் நழுவாமல் இருக்க உள்ளே ஒரு இரும்பு முளை. அதற்காகக் கூரையை இரண்டரை அங்குலம் தூக்க முடியாதே, எப்படி நுழைப்பது? தூணின் அடியில் 5 அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு, 5 அங்குலத் துருப்பிடிக்காத கம்பியை முழுவதும் உள்ளே தள்ளி, கீழே விழாமல் நூலால் தாங்கிப் பிடியுங்கள். நூலின் இரு முனையும் வெளியே இருக்கட்டும். கல்லை ஒரு அங்குலக் கலவைப் படுகையின் மேல் பக்கவாட்டில் தள்ளி, துளையும் குழியும் நேரானதும் ஒரு முனையை விட்டு நூலை உருவினால் கம்பி பாதி கீழே இறங்கிவிடும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே துளையிட்ட தார் ஷீட் துண்டு ஒன்று இருக்கட்டும். வெட்டுவாயில் அதற்கு முன்பே எண்ணெய் ஊறும்வரை பூசியிருக்க வேண்டும்.

கலவையை ஒரு வாரம் நனைத்துவிட்டு, பிறகே முட்டைத் தளர்த்துங்கள், அதுவும் கால் சுற்றாகத்தான்.

ஒட்டு மரம் என்றால்

இரண்டு துண்டிலும் பாதிக் கனத்தை எடுத்து ஒன்றோடொன்று படியவைக்க வேண்டும். தூண் 6 அங்குலக் கனம் என்றால் படியும் நீளம் 18 அங்குலம். 12 மில்லி போல்ட் இரண்டை நேர்க்கோட்டில் வைக்காமல் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்டால் மரம் பிளக்காது. பச்சை மரம் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும். இடித்த வீட்டுத் தேக்கு கிடைத்தால் அதுதான் நல்லது. வெளிப்புற வெள்ளையைச் செதுக்கிவிட்டு வைரப் பகுதியை மட்டும் எடுங்கள்.

பனந்தூணில் இந்த வேலை செல்லாது. பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே வெறும் சோறு. பாதியாகச் செதுக்கினால் பிடிப்பே இருக்காது. அதற்குக் கல் வைப்பது ஒன்றுதான் வழி.

வேலை முடிந்தபின் கொத்தனார் கல்லுக்கு மேல் மரத்தோடு சேர்த்து சிமெண்ட் இழுத்து அழகுபடுத்த வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.