அவுட்போர்ட் எஞ்சினில் தேய்ந்த தண்ணீர் பம்பை மாற்றுவது எப்படி

உவரி, கூட்டப்பனை, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நம் கரைகளில் ஃபைபர் வள்ளம் பெரும்பாலும் மணலில் இறங்கி மணலிலேயே ஏறுகிறது. அலை உடைகிற இடத்தில் எஞ்சின் தண்ணீரோடு மணலையும் சேர்த்து இழுக்கும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை ஏற்றும் பம்புக்குள் இருக்கிற ரப்பர் இம்பெல்லரை, அதாவது இதழ்கள் உள்ள சக்கரத்தை, அரைப்பது அந்த மணல்தான். கரையில் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது அதைவிடக் கெடுதல். ரப்பருக்குத் தண்ணீர்தான் மசகு, அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே பம்பைக் கழற்ற வேண்டாம். அந்தத் துவாரத்தில் தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) துண்டை விட்டுக் குத்திப் பாருங்கள். பல நேரம் உப்பும் மணலும் அடைத்திருக்கும், அவ்வளவுதான். குத்தியும் சரியாகவில்லை என்றால் பம்ப்தான்.

இம்பெல்லரை மட்டும் வாங்காதீர்கள். உள்கிண்ணம், அடித்தட்டு, கேஸ்கட், இம்பெல்லரைச் சுழலும் தண்டோடு (ஷாஃப்ட்) பூட்டும் சாவி எல்லாம் சேர்ந்த செட்டாக, உங்கள் எஞ்சின் மாடலுக்கு உரியதை வாங்குங்கள். மணல் கீறிய தட்டின் மேல் புது ரப்பரைப் போட்டால் தண்ணீர் இடுக்கில் நழுவும், ரப்பரும் சீக்கிரம் தேயும். பழைய தட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் அந்தத் தட்டு ஆகாது.

வேலை தொடங்குமுன் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். பம்ப் உட்கார்ந்திருக்கும் கியர் பாக்ஸைப் (எஞ்சினின் அடிப்பகுதி) பிடிக்கும் போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். உப்பு பிடித்த போல்ட்டை முறுக்கினால் தலை அறுந்துவிடும், பிறகு லேத்துக்குத்தான் போக வேண்டும். கியர் கம்பியின் இணைப்பைக் கழற்றும் முன் அது நின்ற இடத்தில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கியர் பாக்ஸை நேராகக் கீழே இழுங்கள்.

பம்ப் மூடியைத் தூக்கும்போது ஷாஃப்டில் இருக்கும் சின்னச் சாவி மணலில் விழாமல் அடியில் துணி விரியுங்கள். பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று உடைந்து போயிருந்தால் அந்தத் துண்டு மேலே போகும் தண்ணீர்க் குழாயிலோ, சூட்டுக்கு ஏற்ப தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் வால்விலோ சிக்கியிருக்கும். அதை எடுக்காமல் மூடினால் புது பம்ப் போட்டும் எஞ்சின் சூடாகும்.

புது இம்பெல்லரில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஷாஃப்டை மேலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே மூடியை அழுத்தினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். அதன்பின் எதிர்ப்பக்கம் திருப்பக் கூடாது. ஷாஃப்டின் பல்லுக்குப் பக்கவாட்டில் மட்டும் கிரீஸ் போதும். உச்சியில் அப்பினால் கியர் பாக்ஸ் முழுதாக உட்காராது.

ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் ரப்பர் வாய்க்குள் நேராக இறங்கியதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஷாஃப்ட் பல் பிடிக்காவிட்டால் போல்ட்டால் இழுக்காமல், ஃபிளைவீலை வலஞ்சுழியாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவினால் அடுத்த முறை எளிதாகக் கழலும்.

டிரம்மில் பம்ப் மூழ்கும் அளவு தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் மெதுவாக ஓட்டுங்கள். அரை நிமிஷத்துக்குள் தண்ணீர் பீச்ச வேண்டும், இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். தொழில் முடிந்து வந்ததும் இதே டிரம்மில் நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஓட்டினால் உப்பும் மணலும் கழுவிப் போகும். கடலில் ஓடும்போது பீச்சு நின்றால் எஞ்சினை நிறுத்தித் தூக்கி, தண்ணீர் இழுக்கும் வாயை முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம்.