இறக்கை முறுகாமல் வர ஒரு வழி

அட்டனிலும் பண்டாரவளையிலும் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி தங்கைகள் மாதிரி விமான இறக்கை வரைய, கணினி வரைவு மென்பொருளான ஃபிரீகேட் போதும், அது இலவசம்.

குறுக்குவெட்டைக் கண்ணளவில் வரையாதீர்கள். நாக்கா 2412 என்ற பெயர்பெற்ற இறக்கைக் குறுக்குவெட்டு வடிவத்தின் புள்ளிகளை எடுத்து, தேவையான நாண் நீளத்தால், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள நேர்நீளத்தால், பெருக்குங்கள். பின்விளிம்பில் தொடங்கி, மேற்பரப்பு வழியாக முன்விளிம்பான மூக்கைச் சுற்றி, கீழ்ப்பரப்பில் திரும்பி வரும் ஒரே ஸ்ப்லைனாக (வழவழப்பான வளைகோடாக) இணையுங்கள். மேல், கீழ் என இரண்டாக வெட்டினால் மூக்கில் முனை விழ இடமுண்டு. பின்விளிம்பைக் கத்தி முனையாக்க வேண்டாம். அந்த வடிவத்தின் மூலச் சூத்திரமே அங்கே சிறு தடிப்பை விடுகிறது: 200 மில்லிமீற்றர் நாணுக்குச் சுமார் அரை மில்லிமீற்றர். அந்த இடைவெளியைச் சிறு நேர்கோட்டால் மூடுங்கள்.

விமான உடலோடு சேரும் அடிவெட்டிலும் இறக்கை முடியும் நுனிவெட்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கை, தொடங்கும் இடம், சுற்றும் திசை மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் இரு வெட்டுகளையும் இணைத்துத் திண்ம உருவாக்கும் லாஃப்ட் கட்டளை இறக்கையைப் பிழிந்த துணிபோல முறுக்கிவிடும். நுனிவெட்டின் மூக்கை இரண்டு பாகை கீழ்நோக்கித் திருப்புவது நல்லது; வேகம் குறையும்போது நுனி முந்திக்கொண்டு தூக்கலை இழக்காது. மூக்கிலிருந்து நாணின் கால்பங்கு தூரத்திலுள்ள புள்ளியை மையமாக வைத்துத் திருப்புங்கள்.

மலைநாட்டுக்காரர் கவனிக்க வேண்டியது பரப்பளவு. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு. அதே எடை, அதே வேகம் என்றால் பரப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். வரைபடத்தை அச்சிடும் முன்பே நாணை மாற்றிவிடுங்கள். பால்சா பலகை மலிவல்ல.