ஆரி வேலைக்கு விலை சொல்லும்போது செய்யக் கூடாதவை

வேலூர் சத்துவாச்சாரியில் என்னிடம் ஆரி, அதாவது கொக்கி ஊசியால் ரவிக்கையில் மணியும் ஜரியும் வைத்துச் செய்யும் எம்பிராய்டரி, பழக வரும் பெண்கள் மூன்றாவது மாதமே ஆர்டர் பிடித்துவிடுகிறார்கள். கை நன்றாக ஓடுகிறது. விலை சொல்லும்போதுதான் குரல் உள்ளே போய்விடுகிறது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்ததையே செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. லாங் பஜாரில் வாங்கும் மணி, ஜரிக்குக் கணக்கு எழுதுங்கள் என்று சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கேட்கும் முன்பே குறைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். ஓர் ஆவணி முகூர்த்தத்துக்காகக் காட்பாடியிலிருந்து ஒரு அம்மா, மகளின் ஆரணிப் பட்டோடு வந்தார். ரவிக்கையின் பின்கழுத்திலும் இரண்டு கையிலும் நெருக்கமாக ஜர்தோசி, அதாவது உலோகச் சுருள் வேலை, வேண்டும். 4,500 ரூபாய் என்றேன். அவர் பேசாமல் பார்டரைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த அரை நிமிடம் எனக்குத் தாங்கவில்லை.

"வேணும்னா 3,500 குடுங்கம்மா."

அப்போதும் பேச்சில்லை.

"சரி, உங்களுக்காக 3,000."

அவர் நிமிர்ந்து, "இல்லம்மா, இந்தப் பச்சைக்கு ஆன்டிக் ஜரி எடுக்குமா, தங்க ஜரி எடுக்குமான்னு பார்த்துட்டிருந்தேன்" என்றார்.

வேலை 32 மணி நேரம் பிடித்தது. பொருள் செலவு 900 போக மிச்சம் 2,100, அதாவது மணிக்கு 65 ரூபாய். முதலில் சொன்னதில் நின்றிருந்தால் 112. அந்த 1,500 ரூபாயை யாரும் பேரம் பேசி வாங்கவில்லை, நானே கொடுத்தேன். அப்புறம் அவர் சொல்லி வந்த நான்கு பேரும் 3,000 என்றுதான் வந்தார்கள்.

"வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல தானே பண்றே" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி நானும் நம்பியிருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு, துணியை இழுத்துக் கட்டிய ஸ்டாண்டின்மேல் குனிந்து உட்கார்ந்திருப்பதா சும்மா இருப்பது? கடை இல்லை, போர்டு இல்லை, அதனால் என் உழைப்புக்குப் பாதி விலைதான் என்று மனதுக்குள் கிடந்தது. அந்த அம்மாவின் மௌனத்தில் எனக்குக் கேட்டது அதுதான்.

விலையைச் சொன்னதும் பேச்சை நிறுத்துங்கள். மணியைப் பிரித்துக்கொண்டிருங்கள், தண்ணீர் கொடுங்கள். வந்தவரே பணம் குறைவு என்றால் வேலையைக் குறையுங்கள். கையில் ஒரு வரிசை புட்டா போதும். அதே வேலையை மட்டும் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சொந்தக்காரர் விலை

அக்கா மகளுக்குச் செய்ய ஆசையா? மொய்யாக முழுசாகச் செய்யுங்கள். பாதி விலை வேண்டாம்.

ஆடி மாத பயம்

ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆர்டர் குறையும். ஆவணி வரும். விலையில் கை வைக்காதீர்கள்.

பொட்டிக் பாக்கி

பொட்டிக் கடைகளுக்குச் செய்து கொடுத்த வேலைக்குப் பணம் கேட்கக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு வேலை ஒப்படைத்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டமே சொல்கிறது. தாமதமானால் வட்டியும் கேட்கலாம். பில்லின் அடியில் அந்த 45 நாளை எழுதிக் கொடுங்கள்.

முன்பணம்

பாதிப் பணம் கைக்கு வராமல் துணியை ஸ்டாண்டில் கட்டாதீர்கள்.