மியூனிக் 1938: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் போதும், தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது ஒருவர் "இது இன்னொரு மியூனிக்" என்று சொல்லிவிடுவார். எதிரே இருப்பவருக்குப் பேச்சு எழாது. 1938 செப்டம்பரில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக்கொடுத்த ஒப்பந்தம் அது. இன்று அது வெறும் வசைச்சொல்லாகிவிட்டது. அங்கே சரியாக என்ன பிசகியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஒரு பயந்தாங்கொள்ளி.

முதலில் தவிர்க்க வேண்டியது இந்தப் பதிலைத்தான்.

கோழைத்தனம் என்று கணக்கை முடிப்பது

நெவில் சேம்பர்லின் கோழையல்ல. பிடிவாதக்காரர், தன் சாமர்த்தியத்தின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை உள்ளவர். நிதியமைச்சராக இருந்தபோது விமானப்படையை வலுப்படுத்தப் பணம் ஒதுக்கியவர். 69 வயதில் விமானம் ஏறி ஹிட்லரின் மலைமாளிகைக்கே போனவர். முதல் உலகப்போரில் பிரான்ஸ் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் வீரர்களை இழந்திருந்தது. இருபதே ஆண்டுகளில் மறுபடியும் அப்படி ஒன்றா என்று மக்கள் நடுங்கியதில் வியப்பில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த கனடாவும் தென்னாப்பிரிக்காவும் செக் நாட்டுக்காகப் போரிட ஆர்வம் காட்டவில்லை. அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரிய போர் வராது என்ற அனுமானத்தில்தான் 1932 வரை பிரிட்டன் தன் ராணுவச் செலவைத் திட்டமிட்டது. அந்த அனுமானம் ஒவ்வோர் ஆண்டும் தானாகவே நீளட்டும் என்று 1928-ல் வாதாடிய நிதியமைச்சர் யார் தெரியுமா? வின்ஸ்டன் சர்ச்சில். பின்னாளில் மியூனிக்கை நாடாளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்ட அதே சர்ச்சில்தான்.

போரைத் தவிர்க்க வழி தேடியதில் பிழையில்லை. தேடிய விதத்தில்தான் பிழை. கோழை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால், தன்னைத் துணிச்சல்காரர் என்று நினைத்துக்கொள்ளும் எந்தத் தலைவருக்கும் இந்த வரலாறு தன்னைப் பற்றியது என்று தோன்றாது.

எதிராளி, தான் கேட்பதைத்தான் விரும்புகிறார் என்று நம்புவது

எனக்குத் தெரிந்தவரை இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

அந்த எல்லைப் பகுதியான சுடேட்டன்லாந்தில் சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு உண்மையான மனக்குறைகள் இருந்தன. பொருளாதாரப் பெருமந்தம் அவர்களுடைய தொழிற்பகுதிகளைக் கடுமையாக அடித்திருந்தது; அரசு வேலைகள் செக்குகளுக்கே போகின்றன என்ற புழுக்கமும் இருந்தது. சுயநிர்ணய உரிமை என்ற வாதம் லண்டனில் பலருடைய மனசாட்சியைத் தொட்டது. குறை உண்மை என்பதாலேயே, அதைத் தீர்த்தால் பிரச்சினை தீரும் என்று நம்பினார்கள்.

அந்த மக்களின் கட்சித் தலைவர் கொன்ராட் ஹென்லைன். 1938 மார்ச் 28-ல் அவர் ஹிட்லரைச் சந்தித்தார். அங்கே தான் புரிந்துகொண்ட உத்தியை அவரே சுருக்கிச் சொன்னார்: நம்மை ஒருபோதும் திருப்திப்படுத்த முடியாத அளவுக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த மாதமே கார்ல்ஸ்பாட் நகரில் எட்டுக் கோரிக்கைகள் வந்தன. கொடுத்துத் தொலையுங்கள் என்று லண்டனும் பாரிசும், தலைநகர் பிராக்கில் இருந்த செக் அரசை நெருக்கின. செப்டம்பர் முதல் வாரத்தில் அதிபர் பெனெஷ் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். ஹென்லைன் கட்சி பட்டாசு வெடித்திருக்க வேண்டும். மாறாகத் திகைத்துப்போனது. ஒரு நகரில் போலீசுக்கும் அக்கட்சியினருக்கும் நடந்த தள்ளுமுள்ளைச் சாக்காக வைத்து, செப்டம்பர் 7-ல் பேச்சுவார்த்தையையே முறித்துக்கொண்டது.

இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? அதுவும் கிடைத்தது. செப்டம்பர் 15-ல் ஹிட்லர், தன்னைப் பார்க்க வந்த சேம்பர்லினிடம், சுடேட்டன்லாந்து ஜெர்மனியோடு இணைய வேண்டும் என்றார். சேம்பர்லின் ஊர் திரும்பி, அமைச்சரவையையும் பிரான்சையும் இணங்கவைத்து, பிராக்கின் கையை முறுக்கிச் சம்மதம் வாங்கி, 22-ஆம் தேதி ஜெர்மனியின் கோடெஸ்பெர்க் நகருக்கு மறுபடியும் பறந்தார். கேட்டது முழுக்கக் கையில் இருக்கிறது. ஹிட்லரோ, வருந்துகிறேன், இனி அது போதாது என்றார். உடனடியாக ராணுவத்தை உள்ளே அனுப்ப வேண்டும் என்பது புதிய நிபந்தனை.

பின்னால் வந்தவர்களுக்குத்தான் எல்லாம் தெரிகிறது என்று சேம்பர்லினுக்காக வாதாடுபவர்கள் சொல்வதுண்டு. 1936-ல், படை வைக்கத் தடை இருந்த ரைன்லாந்துக்குள் ஜெர்மன் படை நுழைந்த சமயத்துக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். கோடெஸ்பெர்க்குக்குப் பொருந்தாது. அவருடைய சொந்த வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்சே மூன்று நாளில் மனம் மாறிவிட்டார்.

இல்லாதவர் பொருளில் தாராளம் காட்டுவது

செப்டம்பர் 29, மியூனிக். மேசையில் நால்வர்: ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே. முசோலினி தன்னுடையதுபோல் நீட்டிய சமரச வரைவு உண்மையில் பெர்லினில் தயாரானது. செக் தரப்பிலிருந்து வந்த மாஸ்தனியும் மசாரிக்கும் ஒரு ஹோட்டலில் போலீஸ் கண்காணிப்பில் காத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி அவர்களைக் கூப்பிட்டு வரைபடத்தையும் ஒப்பந்தத்தையும் கையில் கொடுத்தார்கள். உங்கள் அரசின் பதில் தேவையில்லை என்பதையும் உணர்த்திவிட்டார்கள். அப்போது சேம்பர்லின் இடைவிடாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார் என்று மசாரிக் தன் அறிக்கையில் எழுதிவைத்திருக்கிறார்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம்மூரில் சொல்வார்கள். கொடுக்கப்பட்டது வெறும் நிலமல்ல. செக் நாட்டின் கோட்டை அரண்கள் பெரும்பாலும் அந்த எல்லை மலைகளில்தான் இருந்தன. அரண் போன பிறகு மிச்ச நாட்டுக்குத் தரப்படும் உத்தரவாதம் எதற்கு உதவும்? போலந்தும் ஹங்கேரியும்கூட அந்தச் சமயம் பார்த்து ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டன. அந்த ஆகஸ்ட்டில் பிராக்குக்கே போய் நிலைமையைப் பார்த்துவந்த ஜவஹர்லால் நேரு, பிரிட்டனின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். யாருடைய நிலத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி ஓர் இந்தியருக்குச் சட்டென்று உறைத்திருக்கும்.

கிடைத்த அவகாசத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டுவது

மியூனிக்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இது: பிரிட்டனுக்கு ஓராண்டு கிடைத்தது. பொய்யில்லை. 1938 செப்டம்பரில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் அப்போதுதான் படைக்கு வரத் தொடங்கியிருந்தன. ரேடார் நிலையங்களின் வரிசை முழுமை பெறவில்லை. 1940 கோடையில் இவை இரண்டும்தான் அந்தத் தீவைக் காப்பாற்றின.

ஆனால் காலண்டர் எதிரிக்கும் அதேதான். 1939 மார்ச் 15-ல் ஜெர்மன் படை பிராக்குக்குள் நுழைந்தபோது, பெரிய ஆயுதத் தொழிற்சாலையான ஸ்கோடாவும் செக் ராணுவத்தின் தளவாடங்களும் சேதமில்லாமல் அதன் கைக்குப் போயின. முந்தைய செப்டம்பரில் அணிதிரண்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செக் வீரர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போனார்கள். 1940 மே மாதத்தில் ஜெர்மன் தளபதி ரோம்மெலின் ஏழாவது பான்சர் (டாங்கி) டிவிஷன் பிரான்சுக்குள் பாய்ந்தபோது அதன் டாங்கிகளில் பாதியளவு செக் தயாரிப்பு. இன்னொன்று, வயிற்றெரிச்சல் விஷயம்: செக் தேசிய வங்கிக்கு உரிய சுமார் 56 லட்சம் பவுண்டு மதிப்புள்ள தங்கம், பாசலில் இருந்த சர்வதேச வங்கியின் பெயரில் லண்டனில் இருந்தது. பிராக் விழுந்த சில நாட்களில், ஜெர்மானியர் மிரட்டி வாங்கிய உத்தரவின் பேரில், இங்கிலாந்து வங்கி அதை ஜெர்மன் மத்திய வங்கியின் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தது.

1938-ல் மேற்கு நாடுகள் செக்குகளின் பக்கம் நின்றிருந்தால் தாக்கியிருப்பீர்களா என்று போருக்குப் பிந்தைய நியூரம்பெர்க் விசாரணையில் ஜெர்மன் ஜெனரல் கைடெலிடம் கேட்டார்கள். நிச்சயமாக மாட்டோம், அதற்கு வலு இல்லை என்றார் அவர். தோற்ற தளபதியின் வாக்குமூலத்தை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. என்றாலும் ஜெர்மன் தரைப்படையின் தலைமைப் பணியகத் தலைவர் லுட்விக் பெக் அந்த ஆகஸ்ட்டில் பதவி விலகியதே இந்தப் போர் வேண்டாம் என்றுதான்.

விழித்த பிறகு மறுபக்கம் பாய்வது

பிராக் போனதும் லண்டனுக்குக் கோபம் வந்தது. மார்ச் 31-ல் போலந்துக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். போலந்துக்குப் படை அனுப்ப வழியே இல்லாத நாடு கொடுத்த உத்தரவாதம் அது. அருகில் இருந்த ஒரே பெரிய ராணுவம் சோவியத்துடையது. ஹிட்லரைப் பார்க்க இரண்டு வாரத்தில் மூன்று முறை விமானம் ஏறியவரின் அரசு, கூட்டணி பேச மாஸ்கோவுக்கு அட்மிரல் டிராக்ஸ் தலைமையிலான குழுவை 'சிட்டி ஆஃப் எக்ஸெட்டர்' என்ற மெதுவான கப்பலில் அனுப்பியது. ஆகஸ்ட் 5-ல் கிளம்பியவர்கள் 11-ல் மாஸ்கோ சேர்ந்தார்கள். மறுநாள் சோவியத் பாதுகாப்பு அமைச்சர் வரோஷிலோவ், கையெழுத்திட அதிகாரம் தரும் கடிதம் எங்கே என்று கேட்டார். டிராக்ஸிடம் அது இல்லை. ஆகஸ்ட் 23-ல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் விமானத்தில் வந்து ஸ்டாலினோடு, ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தத்தை முடித்தார்.

எல்லாரையும் ஹிட்லராக்குவது

1938 பிப்ரவரியில் முசோலினியோடான பேச்சு விவகாரத்தில் சேம்பர்லினோடு முரண்பட்டு வெளியுறவு அமைச்சர் பதவியை உதறியவர் ஆண்டனி ஈடன். அவருடைய அரசியல் மதிப்பே அதில்தான் நின்றது. 1956-ல் அவர் பிரதமராக இருந்தபோது எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தைத் தேசியமயமாக்கினார். ஈடன் கண்ணுக்கு நாசர் இன்னொரு சர்வாதிகாரியாகத் தெரிந்தார். பிரான்சோடும் இஸ்ரேலோடும் ரகசியமாகக் கைகோத்துப் படையெடுத்தார். அமெரிக்கா பவுண்டின் கழுத்தில் கைவைத்ததும் பின்வாங்க வேண்டியதாயிற்று. 1957 ஜனவரியில் ஈடன் பதவி விலகினார். நாசர் கேட்டது கால்வாயை. கிடைத்ததும் கப்பல்களை விட்டார், பழைய பங்குதாரர்களுக்கு இழப்பீடும் கொடுத்து முடித்தார்.