நைட் டூட்டி நர்ஸைத் தின்னாமல் லிஸ்ட் போடுவது எப்படி

பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் வரும் கடும் சோர்வை, உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 என்ற தன் நோய்ப் பட்டியலில் நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுக்கிறது. அதனால் வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் கைவைக்க வேண்டியது டூட்டி லிஸ்ட்டில். யோகா வகுப்பு நல்லதுதான். நைட் முடித்தவரைக் காலை பத்து மணிக்கு அதில் உட்கார வைத்தால் அதுவும் ஒரு டூட்டி.

ஷிஃப்ட்டைக் காலை, மதியம், நைட் என்ற வரிசையில் மாற்றுங்கள். தூக்கத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்கு எளிது, முன்னுக்கு இழுப்பது கஷ்டம். இரண்டு டூட்டிக்கு நடுவே, ஹேண்ட்ஓவர் முடிந்து கிளம்பும் நேரத்திலிருந்து எண்ணி, 11 மணி நேரமாவது விடுங்கள். இரவு எட்டுக்கு முடிகிற மதிய டூட்டி ஹேண்ட்ஓவர், பஸ் எல்லாம் சேர்ந்து பத்தாகிவிடும். மறுநாள் ஏழு மணிக்கு வரச்சொன்னால் தூங்க ஐந்தாறு மணி நேரம்தான் மிஞ்சும். தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம். பல இடங்களில் நடக்கும் தவறு, நைட் முடிந்து வீட்டுக்குப் போகும் நாளையே ஆஃப் என்று கணக்கு வைப்பது. அது தூங்கும் நாள். ஆஃப் அதற்கு மறுநாளிலிருந்துதான்.

"நேரம் கிடைச்சா சாப்பிடுங்க" என்றால் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஒருவர் சாப்பிடப் போகும்போது அவருடைய பெட்டை யார் பார்ப்பது என்று பெயரோடு எழுதி, மருந்து ஏற்றும் பம்ப்பின் அலாரத்தையும் அவரிடமே ஒப்படையுங்கள். நைட்டில் 20 நிமிடத் தூக்கம் போதும்; அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேர்ந்து தலை மந்தமாகிவிடும். எழுந்ததும் ஊசி மருந்து கலக்கப் போகக் கூடாது. காலையில் தூங்க வேண்டுமென்றால் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

வீட்டுக்குக் கூடவே வருவது பெரும்பாலும் முடிக்காத வேலைதான். "பெட் 6, பொட்டாசியம் ரிப்போர்ட் வரலை, லேபுக்குப் போன் பண்ணணும்" என்று நோட்டில் எழுதி, அடுத்த டூட்டியை ஏற்பவரின் கையெழுத்தையும் வாங்குங்கள்.

வார்டில் மரணம் நடந்தால் அடுத்த அட்மிஷனை அதே நர்ஸுக்குக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசட்டும். யார் தவறு என்ற விசாரணையை அங்கே நடத்தினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சோர்ந்தவர் எப்போதும் புலம்புவதில்லை. அடிக்கடி சி.எல். (தற்செயல் விடுப்பு), தாமதமாக எழுதும் சார்ட், அட்டெண்டர் மேல் எரிச்சல், இவற்றைக் கவனியுங்கள். ஆஃப் எடுத்தும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாக நினைப்பதாகச் சொன்னால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.